டச்சப் இல்லாத படம்

ஜூன் 3, செவ்வாய்

இந்த டைரி உரக்கடைக்காரர் சும்மா கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு விவசாயக் குறிப்பு. எனக்குப் பூந்தொட்டி கூடக் கிடையாது. அப்பாவுக்கு எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று குறித்து வைக்கும்படி டாக்டர் சொன்னதால் எடுத்தேன். முதல் பக்கத்தில் பெயர், வயது, தொழில், ரத்த வகை எல்லாம் கேட்டிருந்தது. உடனே நிரப்பிவிட்டேன். பே. இசக்கியம்மாள், 39, கனகா ஸ்டூடியோ, பி பாசிட்டிவ். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் அப்பா பெயரை எழுதி, பிறகு அடித்துவிட்டு எதிர்வீட்டுச் சொர்ணம் அக்கா பெயரை எழுதினேன்.

கட்டம் போட்ட காகிதத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் மூன்றும் நான்தான். இந்த வருஷம் மட்டும் மாற்றுத்திறனாளி அட்டைக்கு அறுபத்தோரு பேருக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அறுபத்தோரு பேருக்கும் வந்தது. அறுபத்திரண்டாவது ஆள் என் அப்பா பேச்சிமுத்து.

அப்பாவின் வலது கால் சொன்னபடி கேட்பதில்லை. போன வாரம் நான் கடையில் இருந்தபோது குளியலறையில் விழுந்து ஒரு மணி நேரம் கிடந்திருக்கிறார். ஆவடியில் இருக்கும் சங்கரபாண்டி அண்ணனுக்கு இது தெரிந்துபோய், இன்று போனில் தீர்ப்பு சொல்லிவிட்டான். பகலில் கூட இருக்க ஆள் ஏற்பாடு செய், இல்லையென்றால் ஆகஸ்ட் பதினைந்துக்கு வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்கிறான். அவன் வீடு நாலாவது மாடி. அப்பாவுக்கு அங்கே போக இஷ்டமே இல்லை.

"அங்க சன்னலைத் திறந்தா அடுத்தவன் வீட்டுச் சன்னல். நாள் முழுக்க ஒரு மனுசன் மூஞ்சி கிடையாது. நான் இங்கயே கெடந்துக்கிடுதேன்" என்கிறார். இங்கே வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால் போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பேசிவிட்டுப் போவார்கள். பாதித் தெருவுக்குக் கல்யாணப் படம் எடுத்தவர் இவர்.

சொர்ணம் அக்கா பீடி சுற்றுவதை விட்டுவிட்டுப் பகலில் அப்பாவோடு இருக்கச் சம்மதித்துவிட்டாள். ஆனால் அவளும் சாப்பிட வேண்டுமே. கடை வரும்படி மாத்திரைக்கே போகிறது, அண்ணனுக்கு வீட்டுக் கடன் கழுத்தைப் பிடிக்கிறது. அட்டை வந்தால் மாதாமாதம் உதவித்தொகை வரும். அதை அப்படியே அக்காவிடம் கொடுத்துவிடலாம். ஆக, ஆகஸ்ட் பதினைந்துக்குள் அட்டை வர வேண்டும். எனக்கு அது நாலு நிமிஷ வேலை.

இன்னொன்று. அப்பாவிடம் நரம்புத் தளர்ச்சி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். அதன் உண்மைப் பெயரை இங்கேயும் எழுதமாட்டேன். டைரியை எடுத்து வாசித்துவிட்டால் என்ன செய்வது. எலும்பு வரை போய்விட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றே ஸ்கேன் படங்களை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

நாலு நிமிஷ வேலையில் போட்டோ சேர்த்தி இல்லை. போட்டோவுக்கு மட்டும் மூன்று மணி நேரம்.

அப்பாவால் கடைக்கு வர முடியாது என்பதால் கேமராவையும் குடை லைட்டையும் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். முதலில் சவரம். பிறகு வெள்ளைச் சட்டை. அது வெளுத்துவிடும் என்று கழற்றி நீலச் சட்டை. பிறகு பவுடர். பிறகு கண்ணாடி. கண்ணாடியைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

"லைட்டை ரெண்டடி தள்ளு. மூக்கு நிழலு உதட்டுல விழுது பாரு" என்றார். நான் பதினெட்டு வருஷமாகப் படம் எடுக்கிறேன். இவர் முன்னால் கேமராவைத் தூக்கினால் மட்டும் நேற்றுச் சேர்ந்தவள் ஆகிவிடுகிறேன்.

கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டேன். டச்சப் எதுவும் செய்யவில்லை. லைட்டை மட்டும் கொஞ்சம் சரி செய்தேன். கன்னத்தில் நிழல் அதிகமாக விழுந்திருந்தது, கொஞ்சம் நிரப்பினேன். கண்ணுக்குக் கீழே கொஞ்சம். கழுத்து எலும்பு கொஞ்சம். முன்னந்தலையில் முடி கொஞ்சம். இடது புருவத்துத் தழும்பும் கையோடு கையாகப் போய்விட்டது.

அது லைட் ஸ்டாண்டு விழுந்த தழும்பு. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா படம் எடுக்க ஸ்டூடியோவுக்கு வந்தபோது, வயரில் கால் தட்டி ஸ்டாண்டை அப்பா மேல் சாய்த்துவிட்டாளாம். ஒரே ஒரு பாஸ்போர்ட் படம் எடுத்து ரெண்டு தையலும் ஒரு பெண்டாட்டியும் வாங்கினவன் நான்தான் என்று அம்மா இருந்தவரை சொல்லிச் சிரிப்பார். அரசாங்கத்துக்கு எதற்குத் தழும்பு.

ஊனத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் 'பிற' என்று போட்டேன். அப்பா வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார்.

ஜூன் 6, வெள்ளி

மாத்திரை 8, 2, 8. ரெண்டு இட்லி. கடைக்குப் போன நேரத்தில் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்று சாமி மேல் சத்தியம் வாங்கிவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

ஜூன் 13, வெள்ளி

விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. காரணம்: 'புகைப்படம் விண்ணப்பதாரருடையது அல்ல.'

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அறுபத்தோரு பேர் படத்தில் ஒன்றைத் திருப்பியிருப்பார்களா? மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஜெபசெல்வி என்று ஒரு மேடம். எடுத்த எடுப்பில் சத்தம் போடலாம் என்று இருந்தேன். அந்த அம்மா தங்கமாகப் பேசினாள். "தப்பா எடுத்துக்கிடாதீங்கம்மா. அப்பா விண்ணப்பத்துல அண்ணன் படத்தைப் போட்டுட்டீங்கன்னு நெனைக்கேன். ஆதார்ல இருக்க ஆளு வேற, இந்த ஆளு வேற. இவருக்கு நாப்பத்தஞ்சு வயசுதான் இருக்கும்" என்றாள்.

அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. வாசலில் போகிற ஆளை எல்லாம் நிறுத்தி, கவர்மென்டே என்னை நாப்பத்தஞ்சு வயசுன்னு சொல்லிட்டு என்று சாயந்திரம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். கோழிக் குழம்பு கேட்டார். வைத்தேன். ஒரு துண்டு தின்றார்.

ஜூன் 16, திங்கள்

புதிதாக ஒரு படம் எடுத்தேன். இந்தத் தடவை கையே வைப்பதில்லை என்று முடிவு செய்துதான் உட்கார்ந்தேன். கண்ணுக்குக் கீழே மட்டும் கொஞ்சம். அப்புறம் நிறம், ஏனென்றால் மஞ்சளாக இருந்தது, அது கேமராவின் கோளாறு. ஏற்றுக்கொண்டார்கள். மருத்துவ முகாம் ஜூலை 2. நாற்பது சதவீதம் ஊனம் என்று டாக்டர் எழுதினால் அட்டை.

முதல் படத்தை அழிக்கவில்லை. சும்மா கம்ப்யூட்டரில் கிடக்கிறது.

ஜூலை 2, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுதினால்தான் யார் மேல் கோபப்பட வேண்டும் என்று எனக்கே தெரியும்.

முகாமுக்கு ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா ஆறு மணிக்கே சவரம் செய்துகொண்டார். இஸ்திரி போட்ட வேட்டி, வெள்ளைச் சட்டை, ஓடாத வாட்ச், பவுடர். "ஏப்பா, நாம என்ன பொண்ணு பாக்கவா போறோம்? கொஞ்சம் சோந்தாப்புல இருக்கக் கூடாதா?" என்றேன். பெரிய ஆபீசர்கள் வருகிற இடத்துக்குப் பரதேசி மாதிரிப் போகவா என்று கேட்டார். ஆட்டோவில் ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. அதில் ஒருவரிடம் ஆட்டோவின் பின் சக்கரத்தில் காற்றுக் குறைவு என்று வேறு சொன்னார்.

முகாமில் எங்களுக்கு முன்னால் இருபது பேர். வந்த வேகத்தில் அப்பா அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்த ஆளைப் பிடித்துக்கொண்டார். சன்னலுக்கு முதுகு காட்டி ஆளை உட்கார வைத்தால் முகம் கறுத்துப்போகும் என்று எடுத்துச் சொல்லி, நாற்காலியைத் திருப்பிப் போட வைத்தார். வரிசையில் எல்லோர் படமும் நன்றாக வந்தது. ஒரு அம்மா இவரை ஆபீசர் என்று நினைத்து மனு கொடுத்தாள். வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டு, தேதி போடலியே என்று திருப்பிக் கொடுத்தார்.

எலும்பு டாக்டர் நல்ல மனிதர். அவசரப்படாமல்தான் கேட்டார். எப்படி இருக்கீங்க ஐயா என்றார். எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு. அம்மா சாவதற்கு முந்தின நாளும் நலம் விசாரிக்க வந்தவர்களிடம் அதையேதான் சொன்னாள்.

"நல்லா இருக்கேன் சார். நீங்க சௌக்கியமா?" என்றார் அப்பா.

காலைத் தூக்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். நடக்கச் சொன்னார். ஒரு எட்டு வைத்துவிட்டு முடியலை என்று சொல்ல வேண்டியதுதானே? பக்கத்து வரிசையில் மேலத்தெரு வேலம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் கல்யாணத்துக்கு மலை மேல் கோயில் வரை கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினவர் இவர். அவள் பார்க்கிறாள் என்பதற்காகக் கம்பு இல்லாமல் நாலு எட்டு நடந்தார். ஐந்தாவது எட்டுக்கு நான் போய்த் தோளைக் கொடுத்தேன்.

டாக்டர் என்னைப் பார்த்து, "வேற ரிப்போர்ட், ஸ்கேன் ஏதாவது இருக்காம்மா?" என்றார். மஞ்சள் பை என் மடியில் இருந்தது. விடியும் முன்னே அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்து எடுத்த ஸ்கேன் எல்லாம் பைக்குள் இருந்தது. அப்பா என் பக்கத்தில் இருந்தார்.

இல்லை சார் என்றேன்.

முப்பது சதவீதம் எழுதினார். அவர் மேல் என்ன தப்பு.

திரும்பி வரும்போது அப்பா ஆட்டோவிலேயே கண்ணை மூடிவிட்டார். வீட்டில் இறக்கும்போது அவரை அறியாமல் அம்மா என்று ஒரு சத்தம் வந்தது. என்னப்பா என்று கேட்டேன். வாசப்படி ஒசரமா இருக்கு என்றார்.

இன்றைய விவசாயக் குறிப்பு: பூச்சி தாக்கிய பயிரை வேளாண் அலுவலரிடம் காட்டும்போது இலையை மட்டும் கிள்ளிச் செல்லாமல் வேரோடு எடுத்துச் செல்லவும். இதைக் காலையிலேயே வாசித்திருக்கலாம்.

ஜூலை 3, வியாழன்

கடை திறக்கவில்லை. அப்பா கஞ்சி மட்டும்.

ஜூலை 9, புதன்

அண்ணன் டிக்கெட் போட்டுவிட்டான். ஆகஸ்ட் பதினைந்து, அவனுக்கும் அப்பாவுக்கும். ரயிலில் நடுப் பலகைதான் கிடைத்திருக்கிறது, அப்பாவை எப்படி ஏற்றுவது என்று என்னிடமே யோசனை கேட்கிறான். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். பிறகு நானே கூப்பிட்டு, உன் பிள்ளைக்குப் பரீட்சை எப்படி என்று கேட்டேன். அவனும் அழுகிற மாதிரிதான் பேசுகிறான். அவனை மட்டும் சொல்லி என்ன.

ஜெபசெல்வி மேடத்துக்குப் போன் செய்தேன். மறுபரிசீலனைக்கு மனு போடலாமாம். எழுந்து நடமாட முடியாதவர் என்றால் டாக்டரே வீட்டுக்கு வருவாராம். ஆனால் எல்லா ரிப்போர்ட்டும் வேண்டும். முழு உருவப் படம் ஒன்றும் வேண்டும்.

"இருக்கபடி எடுங்கம்மா. அழகா வேண்டாம். போன தடவை நீங்க அனுப்புன படத்தைப் பாத்தா எங்க ஆபீஸ்ல எல்லாரையும் விட அப்பாதான் ஆரோக்கியமா இருந்தாங்க" என்றாள்.

அப்படியா மேடம், லைட் அப்படி விழுந்துவிட்டது என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

முழு உருவப் படம் என்று சொன்னதுமே அப்பா பின்னால் தொங்கவிட ஸ்க்ரீன் கேட்டார். வெறுஞ்சுவரில் முழு உருவம் நிற்காதாம். ஸ்டூடியோவில் மூன்று ஸ்க்ரீன் இருக்கிறது: நீலம், ரோஜாத் தோட்டம், பனிமலை. பனிமலையைக் கொண்டா என்றார். சொர்ணம் அக்கா அதைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு தெரு வழியே வந்தாள். எந்த வீட்டில் விசேஷம் என்று நாலு பேர் கேட்டார்களாம்.

பனிமலைக்கு முன்னால் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தோம். மெலிந்த காலை வேட்டியால் மூடினார். கால் தெரிய வேண்டும் என்றேன். கொஞ்சம் தூக்கினார். நான் கேமராவில் கண்ணை வைத்ததும் வேட்டி தானாகக் கீழே வந்துவிட்டது. இப்படியே ஏழெட்டுப் படம். எல்லாவற்றிலும் அப்பா பனிமலையையே விலைக்கு வாங்கினவர் போல உட்கார்ந்திருக்கிறார்.

"மாமா, கொஞ்சம் முனங்குங்களேன்" என்றாள் சொர்ணம் அக்கா. போட்டோவில் சத்தம் விழாது என்று அப்பா பதில் சொன்னார். அக்கா சிரித்துச் சிரித்துப் பனிமலையைக் கீழே விட்டுவிட்டாள்.

ஜூலை 12, சனி

நேற்றைய படத்தில் ஒன்றை எடுத்துக் கடையில் வைத்துச் சரி செய்தேன். லைட்டை மட்டும்தான். அனுப்பும் முன்னால் பார்க்க வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்ததால் லேப்டாப்பை மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். கன்னத்தைக் காட்டு என்றார், கையைக் காட்டு என்றார், காலைக் காட்டு என்றார்.

"இது யாரு?"

"நீங்கதாம்ப்பா."

"டச் பண்ணாத படத்தைக் கொண்டா."

இதுதான் அது என்றேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவரிடமே இந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. டச் பண்ணாததை எடுத்து வைத்தேன். ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் இருந்தன. நான் அதுவரை ரெண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்ததே இல்லை.

"காலு கரண்டை வரைக்கும் சதை வச்சிருக்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா கவர்மென்டுக்கு என்ன கல்யாண ஆல்பமா அனுப்புத?" என்றார்.

நான் லேப்டாப்பை மூடப் போனேன். அப்பா தடுத்தார்.

"ஸ்கேன் படம் எல்லாம் அரிசி டிரம்முக்குப் பின்னாலதான வச்சிருக்க? நீ வச்ச மறுநாளே நான் பாத்துட்டேன். சன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தேன். நாப்பது வருசம் நெகட்டிவ் பாத்த கண்ணு. எது எங்க கறுத்திருக்கு, எது வெளுத்திருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"எப்பா…"

"கேன்சர்னு சொன்னா நாக்கு வெந்திராது. சொல்லு."

சொன்னேன். சொல்லிவிட்டு அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். ஏன் தெரிந்தும் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ அவ்வளவு பாடுபட்டு ஒளித்து வைத்திருக்கிறாய், அதைக் கெடுப்பானேன் என்று இருந்தாராம். அழுகையும் சிரிப்புமாக வந்தது எனக்கு. ரெண்டு மாதமாக இந்த வீட்டில் ரெண்டு பேரும் ஒருவருக்கொருவர் டச்சப் செய்துகொண்டிருந்திருக்கிறோம்.

சரி, கேமராவை எடு என்றார். தன் சட்டையைக் கழற்றிவிடச் சொன்னார். பனியனையும் கழற்றிவிடச் சொன்னார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தானே மடித்துக்கொண்டார். நான் வழக்கம் போல முன்னால் லைட்டை வைத்தேன்.

"முன்னால வச்சா குழி எல்லாம் நிரம்பிரும். பக்கத்துல வை. சன்னல் ஓரமா. கொஞ்சம் கீழ எறக்கு. அப்பத்தான் எலும்பு நிக்கும்."

லைட்டை நகர்த்தினேன். விலா ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பார்க்க முடியவில்லை. கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டு எதைப் பார்க்கிறேன் என்றே தெரியவில்லை.

"இன்னொண்ணு எடு. கண்ணைத் தொடச்சிட்டு எடுட்டி, கண்ணுல தண்ணி நின்னா ஃபோகஸ் எப்படித் தெரியும்?"

மூன்றாவது படம் சரியாக வந்தது. வாங்கிப் பார்த்தார். புருவத்துத் தழும்பில் இருந்து கால் நகம் வரை எல்லாம் இருந்தது. "இதுதான் படம். ஒண்ணுலயும் கை வைக்காத" என்றார். பிறகு பசிக்கிறது என்றார். ரசம் சாதம் நாலு வாய் சாப்பிட்டார்.

கை வைக்காமல் அனுப்பிவிட்டேன். காரணம் என்ற கட்டத்தில் புற்றுநோய் என்று நானே தட்டினேன்.

ஜூலை 15, செவ்வாய்

மாத்திரை 8, 2, 8. வலி மாத்திரை ஒன்று கூட்டியிருக்கிறார்கள். இப்போது ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு என்று அப்பா கேட்கிறார், நான் சொல்கிறேன். பச்சை மாத்திரைக்குப் பனிமலை என்று பெயர் வைத்திருக்கிறார். போட்டால் காலெல்லாம் ஜில்லென்று ஆகிவிடுகிறதாம்.

ஜூலை 24, வியாழன்

டாக்டர் வந்துவிட்டார். அதே எலும்பு டாக்டர், கூட கிராம நிர்வாக அலுவலர், கையில் ஃபைலோடு ஜெபசெல்வி மேடம். அப்பாவைச் சவரம் செய்ய விடாமல் தடுக்க நானும் சொர்ணம் அக்காவும் காலையில் இருந்து ரேசரை மாற்றி மாற்றி ஒளித்து வைத்தோம். பவுடர் டப்பாவை மறந்துவிட்டோம். அதைப் போட்டுக்கொண்டுவிட்டார்.

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஸ்கேன் எல்லாவற்றையும் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அன்றைக்கே காட்டியிருக்கக் கூடாதா என்று என்னைக் கேட்டார். தப்புத்தான் சார் என்றேன். பிறகு அப்பாவிடம், இப்ப எப்படி இருக்கீங்க ஐயா என்றார்.

"நல்லா…" என்று ஆரம்பித்தார் அப்பா. சொர்ணம் அக்கா கதவுக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"நல்லா இல்ல சார். வலிக்கி. எந்திரிக்க முடியல. இவ இல்லன்னா ஒண்ணுக்குக்கூடப் போக முடியாது. பாவம், இவளும் எத்தனைக்குத்தான் ஓடுவா?"

என் வயதுக்கு அப்பா நல்லா இல்லை என்று சொல்லிக் கேட்டது இன்றுதான். உள்ளே போய் டம்ளரைக் கழுவுவது போல நின்றேன். திரும்பி வந்தபோது டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். அப்பா அவரிடம், உங்க இடப்பக்கம் நல்ல முகம் சார், போட்டோ எடுத்தா அந்தப் பக்கம் காட்டி நில்லுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அப்பாவைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பாஸ்போர்ட் படம் ஒன்று எடுக்க வேண்டும், முன்னந்தலை வழுக்கையைக் கொஞ்சம் அடைத்துத் தர முடியுமா என்று கேட்டார். கட்டாயம் வாங்க சார் என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

அட்டை வந்துவிட்டது! உதவித்தொகைக்கும் உத்தரவு வந்துவிட்டது. சொர்ணம் அக்கா திங்கள்கிழமையில் இருந்து வருகிறாள். அண்ணன் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, அவன் மட்டும் வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சொன்னான். எனக்கு நெஞ்சில் இருந்து அம்மிக்கல்லை இறக்கின மாதிரி இருக்கிறது.

அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்பது சதவீதம். பள்ளிக்கூடத்தில் இந்த மார்க் வாங்கியிருந்தால் நான் ஏன் கேமராவைத் தூக்கப்போகிறேன் என்றார். அட்டையில் முகத்தை மட்டும் வெட்டி அச்சடித்திருக்கிறார்கள், அதுவும் கலங்கலாக. "எவ்வளவு கஷ்டப்பட்டு லைட் வச்சோம்! பிரிண்ட் போட்டவன் கெடுத்துட்டானே" என்று சாயந்திரம் வரை ஆறவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

சொர்ணம் அக்கா ஒன்பது மணிக்கு வந்தாள். அப்பாவை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். கால் மணிக்கு ஒரு தரம் வீட்டுக்கு ஓடாமல் முழுதாக ஒரு நாள் கடையில் உட்கார்ந்து எத்தனை மாதம் ஆயிற்று. ஒரு அம்மா அவள் மாமியாருக்கு மாற்றுத்திறனாளி அட்டைக்குப் படம் எடுக்கக் கூட்டி வந்தாள். கன்னத்தைக் கொஞ்சம் நிரப்பிப் போடுக்கா என்றாள். அந்த வேலையே கூடாது, இருக்கிறபடிதான் அனுப்புவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது அப்பா கேட்டார், "அந்தத் திருப்பி அனுப்புன படம் இருக்குல்லா, நாப்பத்தஞ்சு வயசுக்காரன் படம்? அழிச்சிட்டியா?"

இல்லை என்றேன்.

"அழிச்சிராத. மேக்ஸி சைஸ்ல பெரிசா ஒரு பிரிண்ட் போட்டு வை. சுவருக்கு அது போதும். போஸ்டருக்கும் அதையே குடு. எதிர்க்கடை ஃபிளெக்ஸ்காரன்கிட்ட மட்டும் குடுக்காத, மூஞ்சியை இழுத்து அகலமாக்கிருவான்."

இப்போது எதற்கப்பா இந்தப் பேச்சு என்று சத்தம் போட்டேன். சொர்ணம் அக்கா கூட்டுவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள். அப்பா சாவகாசமாகத் தண்ணீர் குடித்தார். சுவரில் அம்மா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆயிரம் பேருக்குப் படம் எடுத்தவன் படம் நல்லா இருக்க வேண்டாமா? கன்னம் இருக்கட்டும், முடி இருக்கட்டும். எல்லாம் நல்லாத்தான் பண்ணிருக்க. புருவத்துத் தழும்பை மட்டும் திரும்ப வச்சிரு."

"அது எதுக்குப்பா?"

"அது இல்லன்னா அங்க உங்கம்மை, இது வேற ஆளு படம்னு திருப்பி அனுப்பிருவா."

சாப்பிட்டதும் கடைக்கு வந்து முதல் வேலையாக அதைத்தான் செய்தேன். டச் பண்ணாத படத்தில் இருந்து எடுத்து, அதே இடத்தில் வைத்துவிட்டேன். பெரிதாக்கிப் பார்த்தால் ரெண்டு தையலும் தெரிகிறது.